காயத்தில் பிறக்கும் செல்

— காணோம்னா என்னம்மா அர்த்தம்? செல் என்ன செருப்பா, எங்கயோ கழட்டி விட்டுட்டு வந்துட்டேன்னு தேடறதுக்கு?

— அத்தை, மெதுவா. பக்கத்து லேப்ல எட்டிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். மாமியார் மருமக சண்டைய வீட்டோட வச்சுக்கணும்னு சட்டமா? தீக்காயம் ஆறிக்கிட்டிருக்கற ஆறு பேர் தோலை எடுத்து, செல் செல்லா பிரிச்சுக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்புல என் கண்ணால பாத்தேன், முன்ன நின்னு புதுத் தோலைக் கட்டுற செல்லை. உன் கம்ப்யூட்டர் மட்டும் இல்லைங்குது. நல்லாருக்கே கதை!

— தனித்தனியா பாத்தப்ப எனக்கும் கண்ணுல பட்டுச்சு அத்தை. ஆறு பேரையும் ஒண்ணா சேத்தப்புறம்தான் கரைஞ்சு போச்சு.

— இன்னும் கொஞ்ச நேரத்துல டைரக்டர் வந்து உக்காந்துடுவார். ஆறு பேர்கிட்டயும் இருக்குன்னு காட்டினா என் ஆராய்ச்சி ஓடும். இல்லைன்னா என் மேஜையைத் தூக்கி வேற யாருக்காவது கொடுத்துடுவார். “கண்ணுக்கு வயசாயிடுச்சும்மா”ன்னு போன தடவையே சிரிச்சுக்கிட்டே சொன்னார் மனுஷன்.

— தெரியும். அதனாலதான் அவசரப்பட்டுட்டேன்.

— அவசரப்பட்டு?

— ஒரே மெஷின்ல ஒருத்தர் முடிஞ்சு ஒருத்தர்னு ஓட்டினா இன்னிக்கு முடியாது. அதான் ஆளுக்கொரு மெஷின் கொடுத்து எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓடவிட்டேன். ஒவ்வொரு மெஷினும் ஒருத்தரோட செல்லை எல்லாம் பாத்து, ஒரே ஜாடையில இருக்கறதைக் குழுவா பிரிச்சு நம்பர் போடும்.

— சரி, அப்புறம்?

— அப்புறம் ஆறு முடிவையும் சேத்தேன். ஒண்ணாம் நம்பரோட ஒண்ணாம் நம்பர், ரெண்டோட ரெண்டு... இருங்க. இருங்க இருங்க. ஐயையோ!

— என்னடி ஆச்சு?

— பெரிய குழு எதுவோ அதுக்குத்தான் ஒண்ணாம் நம்பர், அதுக்கு அடுத்தது ரெண்டு. ஒவ்வொரு மெஷினும் அது பாட்டுக்குப் போட்டுக்குது! முதல் ஆளுக்கு உங்க செல் ஏழாம் நம்பர். அடுத்தவருக்குப் புண் வேகமா ஆறுது, இந்த செல்லும் நிறைய இருக்கு, அதனால அங்க நாலாம் நம்பர்!

— அப்ப நீ ஏழையும் ஏழையும் சேத்தது...

— ஒருத்தரோட தோல் செல்லையும் இன்னொருத்தரோட ரத்தக்குழாய் செல்லையும் ஒரே மூட்டையா கட்டியிருக்கேன்.

— நல்லாருக்கே கதை! ஆறு வகுப்புல இருந்தும் ஏழாம் நம்பர் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, “நீங்கள்லாம் கூடப்பிறந்தவங்க, ஒரே வீட்டுக்குப் போங்க”ன்னு அனுப்பின மாதிரி! இந்த லட்சணத்துல என் மகன் துணியை வெள்ளை கலர்னு பிரிக்கலைன்னு அவனைத் திட்டற!

— திட்டறதை வீட்டுல வச்சுக்கலாம் அத்தை. நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு, ஜீனை வச்சு சேக்கறேன். உங்க செல்லுல மட்டும் விழிச்சிருக்கும்னு மூணு ஜீன் சொன்னீங்களே, அது எங்கெங்க இருக்கோ அதெல்லாம் ஒரு குழு.

— ஓடுதா?

— ஓடுது. தோளை விடுங்க, வலிக்குது.

— நான் எங்க பிடிச்சேன்? சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்கறேன்.

— நகத்தோடயா?

— ஏய், படம் வருது! அந்த ஓரத்துல, சிவப்பா, தீவு மாதிரி தனியா...

— அதேதான்! ஒருத்தர்... ரெண்டு பேர்... அத்தை, ஆறு பேரும் இருக்காங்க! ஒருத்தர் விடாம!

— என் தங்கமே! வா இங்க!

— கண்ணாடி! அத்தை, என் கண்ணாடி நசுங்குது!

— நசுங்கட்டும், புதுசு வாங்கித் தரேன். உன் புருஷனுக்கு போன் போடு. வேணாம் வேணாம், அவன் “அப்ப சாயங்காலம் சாப்பாடு?”ன்னு கேப்பான். முதல்ல டைரக்டருக்குக் காட்டற படத்தை ரெடி பண்ணு. மேல “காயத்தில் பிறக்கும் செல்”னு போடு. பெரிய எழுத்துல. எனக்கு இல்லம்மா, அவர் கண்ணுக்கு.

— போட்டாச்சு. இன்னும் ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகக் காயமே படாத தோல் ஒண்ணு எடுத்தோமே, அது.

— அது என் தோலாச்சே! முழங்கை ஓரத்துல எடுத்துக்கோங்கன்னு நானே கையை நீட்டினேன். அதுல என்ன இருக்கப்போகுது? காயம் இல்லைன்னா இந்த செல்லும் இல்லை. அதையும் காட்டிட்டா டைரக்டர் வாயே திறக்க மாட்டார்.

— முடிஞ்சுடுச்சு. இதையும் சேத்துடறேன்... அத்தை.

— ம்?

— கொஞ்சம் உக்காருங்களேன்.

— அடிப்பாவி, மறுபடியும் மூட்டையை மாத்திக் கட்டிட்டியா?

— இல்லை. மூணு ஜீனையும் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். தலைப்பைத்தான் மாத்தணும். உங்க செல் காயத்துல பிறக்கவே இல்லை அத்தை. காயமே படாத உங்க கையில ஏற்கெனவே வந்து உக்காந்திருக்கு.