குகைச் சுவரில் நான் எழுப்பிய யானை

என்னைவிட அழகாகப் பிரஷ் பிடிக்கத் தெரிந்தும் அதை ஒருநாளும் வெளியில் சொல்லிக்கொள்ளாத தலைவர் அவர்களே! கூட்டத்தைத் தவறாமல் கூட்டி, தேநீரைத் தவறாமல் தீர்த்துவிடும் செயலாளர் அவர்களே! முதுகு வளைந்தாலும் போட்ட கோடு வளையாத மூத்தவர்களே! ஏணியில் ஏறினால் எமனுக்கும் அஞ்சாத விளம்பரப் பலகை ஓவியர் சங்கத்துச் சிங்கங்களே! அந்தச் சிங்கங்களை வீட்டில் அதட்டி அடக்கி ஆளும் அன்னையரே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

யார் அங்கே சிரிப்பது? அடக்கம் எனக்கும் உண்டு ஐயா. இன்றைக்குப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

நாளை விடிந்ததும் நம் நாற்பது குடும்பங்கள் தீவுக்கு உல்லாசப் பயணம் புறப்படுகின்றன. "போன வருஷம் போயிட்டு வந்தவர் நீங்கதானே, நாலு வார்த்தை பேசுங்களேன்" என்றார் செயலாளர். நாலு வார்த்தையா? என்னிடமா? கடலிடம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்களா?

அடடா, என்ன தீவு! என்ன திரை! என்ன தென்னை! மாவு சலித்துக் கொட்டியது போல மணல்! கண்ணாடி கழுவி வைத்தது போல கடல்! வானத்தை மறைத்துக்கொண்டு வந்து இறங்கிய வெள்ளைப் பறவைகள் ஒரு லட்சம்! எண்ணினேன் ஐயா, எண்ணித்தான் சொல்கிறேன். கரையில் ஒரு முதலை படுத்திருந்தது பாருங்கள், முப்பது அடி நீளம்! அதன் கண்ணை நான் பார்த்தேன், என் கண்ணை அது பார்த்தது...

இரண்டாவது வரிசையிலிருந்து என் வீட்டுக்காரம்மா ஏதோ சொல்கிறார். என்னம்மா?

"அது உடும்புங்க!"

சரி, உடும்பு. வளர்ந்த உடும்பு.

அந்தத் தீவின் நடுவே ஒரு குன்று. குன்றில் வெட்டிய படிகள். படிகளின் முடிவில் ஒரு குகை. குகையின் சுவரில் ஓர் ஓவியம். மூவாயிரம் ஆண்டு என்று அங்கே சொன்னார்கள். உங்களிடம் நான் ஐயாயிரம் என்று சொல்லியிருப்பேன், இரண்டாயிரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். மங்கிய ஏழெட்டுக் கோடுகள். வளைந்த ஒரு முதுகு, கால் மாதிரி ஏதோ, தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறை.

குகைக்குக் காவலாக ஓர் அம்மா இருந்தார். என் தங்கை வயது. பதினேழு வருடமாக அதே வேலை. வருகிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். "உங்களுக்கு என்ன தெரியுது?" சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மான் என்றானாம் ஒரு பையன். திமிங்கிலம் என்றார்களாம். குட்டியைச் சுமக்கும் தாய் என்றாளாம் ஒரு சின்னப் பெண். என்னிடமும் கேட்டார். நான் அதற்கா பதில் சொன்னேன்? என் பெருமையைச் சொன்னேன். பத்து மாடிக் கட்டிடத்தில் கயிற்றில் தொங்கிப் படம் வரைந்தவன், அரண்மனைகளுக்கே அழகு செய்தவன் என்றேன். எந்த அரண்மனை என்று கேட்காதீர்கள். ஒரு தியேட்டர்.

அந்த அம்மா நம்பினார். "அண்ணே, படகுல ஆளுங்க வந்திருக்காங்க, கூட்டிட்டு வந்துடறேன். யாரும் சுவத்தைத் தொடாம கொஞ்சம் பாத்துக்கறீங்களா? உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சங்கத்துச் சகோதரர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மங்கிய பலகையைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? போகிற வழியில் பெட்டிக்கடைப் பலகையில் ஓர் எழுத்தின் கால் உதிர்ந்திருந்தால்கூட இறங்கிப் போய் இழுத்துவிட்டு வருகிறவர்கள் அல்லவா நாம்? என் பையில் பிரஷ் இருந்தது. என் பெயிண்ட் கலவையும் ஒரு டப்பா இருந்தது. ஆமாம், அதே கலவைதான். பன்னிரண்டு மழைக்கும் மங்காத கலவை. தலைவர் மூன்று முறை கேட்டும் சொல்லாத கலவை. என் மச்சான் காலில் விழாத குறையாகக் கேட்டும் சொல்லாத கலவை.

வரைந்தேன். அரை மணி நேரத்தில் வரைந்தேன். முதுகைத் தூக்கினேன், காலைத் திருத்தினேன், கறை இருந்த இடத்தில் தும்பிக்கை வைத்தேன். ஆகா, என்ன யானை! என் வாழ்நாளில் அப்படி ஒரு யானையை நான் வரைந்ததில்லை. இதில் மட்டும் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

படகில் வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு அந்த அம்மா உள்ளே வந்தார். மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்றா நினைக்கிறீர்கள்? திட்டவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், தொடாமல், வெகுநேரம் பார்த்தார்.

"இந்தத் தீவுல யானையே கிடையாதுண்ணே" என்றார்.

"அதனால என்னம்மா? பாக்க நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு. இனிமே எல்லாரும் யானைன்னுதான் சொல்லுவாங்க."

அவ்வளவுதான். நோட்டை மூடினார். என்ன செய்தீர்கள் என்பதைப் பெயர், விலாசத்தோடு பதிவேட்டில் எழுதச் சொன்னார். பெயர் என்ற இடத்தில் 'ஓவியச் சக்கரவர்த்தி' என்று எழுதினேன். ஊர் என்ற இடத்தில் 'உலகமே என் ஊர்' என்று எழுதினேன். செய்ததை எழுதவில்லை. 'அருமையான இடம்' என்று எழுதிவிட்டு, படி இறங்கி, படகு ஏறி வந்துவிட்டேன். பேசிப் பேசியே பிழைத்த இந்த வாய், பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

போன வாரம் செயலாளர் பயண விதிகளை வாசித்தாரே, நினைவிருக்கிறதா? கடைசியில் ஓர் அறிவிப்பு. குகை மூடப்பட்டிருக்கிறது. யாரோ பழைய ஓவியத்தின்மேல் வரைந்துவிட்டார்கள். என்ன கலவை என்று தெரிந்தால்தான் அதைத் துடைக்க வழி பார்க்க முடியும், தெரியாமல் கை வைத்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். காவலில் தவறியதாக அந்த அம்மாவைப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்க அனுப்பிவிட்டார்களாம். "எந்தக் கூமுட்டைடா இந்த வேலையப் பாத்தது?" என்று நம் மச்சான் கத்தினான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது யார்? நான்தான் ஐயா!

ஏன் எழுந்திருக்கிறீர்கள் மூத்தவரே? உட்காருங்கள். திட்டுவதற்கு நேரம் தருகிறேன்.

யாருடைய கையோ மூவாயிரம் ஆண்டுக்கு முன்னால் வரைந்தது. கூலி கேட்காத கை! கையெழுத்துப் போடாத கை! அதன்மேல் அல்லவா என் கையை வைத்தேன்? அழிந்தது கோடா? ஒரு சின்னப் பெண் பார்த்த தாய் அல்லவா அழிந்தாள்? ஒரு பையன் பார்த்த மான் அல்லவா மறைந்தது? இனி பார்க்க வருகிறவர்கள் பார்த்திருக்கக்கூடிய அத்தனையையும் அல்லவா ஒரே யானையை விட்டு மிதித்துவிட்டேன்?

செயலாளர் அவர்களே, பேனாவை எடுங்கள். எனக்கு எழுத்தை வரையத் தெரியும், கடிதம் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு நான் பேச்சை மாற்றினால் நாற்பது குடும்பம் சாட்சி.

கறுப்பு எனாமல் ஒரு பங்கு. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் அரைப் பங்கு. வார்னிஷ் கால் பங்கு. தேன்மெழுகு ஒரு கொட்டைப்பாக்கு அளவு, உருக்கி, சூடு ஆறுவதற்குள் ஊற்ற வேண்டும். இளக்குவதற்கு மண்ணெண்ணெய் நாலு சொட்டு. எழுதியாகிவிட்டதா? மெழுகை அடிக்கோடிடுங்கள், மழையைத் தடுப்பது அதுதான்.

"இவ்வளவுதானா!" என்கிறான் மச்சான். இவ்வளவுதான்டா. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் இருபத்தைந்து வருடம் உங்கள் எல்லோர் முன்னாலும் ஆடினேன்.

துடைத்தால் பழையது திரும்புமா? அந்த அறிவிப்பில் அப்படி யாரும் உறுதி சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். சொல்லிப் பழகிய வாய்தான், இன்றைக்கு வரவில்லை.

"ஏன்யா, நீயே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்கிறார் அங்கே ஒருவர். நியாயம். வருகிறேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பெருமை பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம். அதனால் கலவை எழுதிய தாள் உங்கள் கையில் முன்னால் போகட்டும், நான் பின்னால் வருகிறேன்.

தலைவர் அவர்களே, மைக் இதோ. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. எழுதிக்கொண்ட செயலாளருக்கு இருமடங்கு நன்றி. நாளை புறப்படும் நாற்பது குடும்பங்களுக்கும் வணக்கம். படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்கும் என் தங்கைக்கு மட்டும் யாரும் என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். அதை நான் நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்.