திரைக்கு வெளியே வந்த கை

என் பெயர் அப்துல் லத்தீப் ராவுத்தர். தகப்பனார் சேக் இஸ்மாயில். வயது நாற்பத்தெட்டு. மதுரை காஜிமார் தெருவில் குடியிருக்கிறேன். சைகோனில் வெகு வருடம் ஜவுளி வியாபாரம் செய்தவன்.

இந்த 1936-ம் வருடம் ஊரோடு தங்கிவிட எண்ணி, அங்கே ஓட்டிய பிரெஞ்சுக் காரையும் கப்பலேற்றிச் சென்னையில் இறக்கி, சுங்கம் செலுத்தி, அதன் பிறகு மதுரைக்குக் கொண்டுவந்தேன். ஸ்டீரிங் இடப்பக்கம் இருப்பதால் அதிகாரிகள் உடனே ரிஜிஸ்தர் செய்யாமல் தற்காலிக நம்பர் கொடுத்து, வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, கார் திரும்பும்போது கைகாட்ட வேண்டும், விபத்தில்லாமல் ஓடினால்தான் நிரந்தர நம்பர் என்று உத்தரவிட்டார்கள். அதன்படி என் மைத்துனர் பாதுஷா கைகாட்டி வந்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாடிப்பட்டியில் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். பாதுஷாவுக்குக் காய்ச்சல் என்பதால் என் மனைவி ஹாஜரா அந்த இடத்தில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா, அந்நிய ஆடவர் கண்ணில் படமாட்டார்கள், ஆதலால் ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தேன். அந்தக் காரைச் செய்தவன் எங்கள் வீட்டை நினைத்துச் செய்யவில்லை. வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால் வலப்புறம் திரும்ப வேண்டியிருந்தது. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. நான் சொன்னதும் ஹாஜரா திரைக்கு வெளியே கையை நீட்டினாள். கைகாட்டியாகிவிட்டது, வண்டிக்காரர் நிறுத்துவார் என்று நம்பித் திருப்பினேன். அவர் நிறுத்தவில்லை. வண்டி காரின் இடப்பக்கத்தில் மோதி, ஒரு மாட்டுக்குக் கொம்பு ஒடிந்து, வண்டிக்காரரும் கீழே விழுந்து தோளில் அடிபட்டார். எனக்கு ஆத்திரம் வந்து, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கேட்டேன். அவர் அலங்காநல்லூர் சுருளி. மாட்டின் ரத்தத்தைத் தன் துண்டால் ஒற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

“கோஷா வீட்டு அம்மா கை வெளிய தெரிஞ்சிச்சு ராவுத்தரே. பாக்கக் கூடாதேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.”



அதன் பிறகு போலீஸார் வந்து, தூங்கிக்கொண்டே வண்டி ஓட்டியிருப்பார் என்று சந்தேகப்பட்டு, சுருளியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அன்று சாயங்காலம் பாதுஷா என்னிடம், ஆமாம் தூங்கினார் என்று சொல்லிவிட்டால் குற்றம் நம் மேல் இல்லையென்றாகி நம்பர் வந்துவிடும், வீட்டுப் பெண் பெயரும் போலீஸ் காகிதத்தில் ஏறாது என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்தக் கார் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஹாஜரா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த மனுசன் நமக்கு மரியாதை பண்ணித்தானே மூஞ்சியத் திருப்புனாரு. அவர உள்ள தள்ளிப்புட்டு நான் இந்தக் கார்ல ஏறமாட்டேன்” என்றாள்.

ஆகவே சொல்கிறேன். சுருளி தூங்கவில்லை. அவர் மீது குற்றமில்லை, அவரை விட்டுவிட வேண்டும். அவர் பார்த்தாரா என்று பாராமல் திருப்பியது நான்தான். இதனால் நம்பர் மறுக்கப்பட்டால் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஆட்சேபம் இல்லை.

தன் பெயரையும் எழுதும்படி ஹாஜராவே சொன்னாள். எங்கள் வீட்டில் வைத்து இந்த வாக்குமூலத்தை எழுதிய ஏட்டையா மைப்பெட்டியை நீட்ட, அவள் வாசல் திரைக்கு உள்ளிருந்தபடி வலது கையை மட்டும் வெளியே நீட்டி ரேகை வைத்தாள். அப்போது ஏட்டையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேகை கோணலாக விழுந்தது. அதையும் இதில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) அப்துல் லத்தீப்
ஹாஜரா, வலது பெருவிரல் ரேகை