மந்திரவாதி கோட்டையில் லிஃப்ட்

அம்மா: எங்க எழுந்திரிக்கிறீங்க? இடைவேளைதான் விட்டிருக்கான்.

அப்பா: தெரியும். பாத்த வரைக்கும் போதும். கிளம்பு.

அம்மா: பாதிப் படத்துக்கா டிக்கெட் எடுத்தோம்?

அப்பா: படம் எடுத்தவனே அரை மனசோடதான் எடுத்திருக்கான். நாம எதுக்கு முழுசாப் பாக்கணும்?

அம்மா: உக்காருங்க முதல்ல. பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது.

அப்பா: பின்னாடி யாரு இருக்கா? அந்த நெருப்புக் குதிரை வந்தப்பவே ஒரு வரிசை எழுந்து போயிடுச்சு.

அம்மா: குதிரைக்கு என்ன குறைச்சல்?

அப்பா: குதிரையா அது? எரியுற அடுப்புக்கு நாலு கால் வெச்ச மாதிரி...

அம்மா: இத நம்ம வாலுப் பொண்ணு கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. சிரிச்சிருப்பாளா மாட்டாளா?

அப்பா: டீ குடிக்கிறியா? வாங்கிட்டு வரேன்.

அம்மா: ஒண்ணும் வேணாம். டீ வாங்கப் போறேன்னு அப்படியே பஸ் ஏறிடுவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?

பக்கத்து சீட்காரர்: அவரத் திட்டாதீங்கம்மா. எனக்கும் அதே எண்ணம்தான். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிட்டீங்கன்னா நானும் நழுவிடுவேன்.

அம்மா: நீங்களும் போறீங்களா?

பக்கத்து சீட்காரர்: பின்ன? நான் நிஜப் போலீஸ்ங்க. ஏட்டு. அத்தி பூத்த மாதிரி ஒரு நாள் லீவு கிடைச்சுது. அந்த லீவுலயும் திரையில இன்னொரு போலீஸ்காரனப் பாக்க வந்தேன் பாருங்க... என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

அப்பா: அப்ப எங்கள விட உங்களுக்குத்தான் வயித்தெரிச்சல்.

ஏட்டு: ஏன் கேக்குறீங்க! அத்தனை பேரச் சுட்டானே, பேப்பர்ல ஒரு வரி எழுதினானா? நான் ஒரு கலவரத்துல வானத்தப் பாத்து ஒரே ஒரு குண்டு சுட்டேன். அது எங்க போய் விழுந்துச்சுன்னு மேல இருக்கவங்க இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

அப்பா: ஹ...

அம்மா: சிரிச்சிட்டீங்க!

அப்பா: இல்ல... இருமல்.

ஏட்டு: எங்க ஸ்டேஷன் ஜீப்ப எல்லாரும் சேந்து தள்ளினாத்தான் கிளம்பும். இவன் விசிலடிச்சா குதிரை பறந்து வருது. சரி, மாயாஜாலப் படம், போனாப் போகட்டும். அந்தப் புள்ளைங்க கதைதான் கொஞ்சம் மனசப் பிடிச்சுது...

அம்மா: நிழலத் திருடுறது.

ஏட்டு: அதேதான். மந்திரவாதி நிழல எடுத்துட்டா, பெத்தவங்களே அந்தப் புள்ளைய மறந்துடுறாங்க. அந்த அம்மாக்காரி பாட்டுக்கு ஒரு தட்டக் குறைச்சு வெச்சுட்டுச் சோறு போடுறா பாருங்க... அங்க எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதையும் குதிரை வந்து மிதிச்சுட்டுப் போயிடுச்சு.

அம்மா: இனிமேதாங்க கதையே. இருந்து பாருங்க. அந்தப் போலீஸ்காரன் நிழலத் தேடி மந்திரவாதி கோட்டைக்குப் போவான். அங்க லிஃப்ட் பாதியில நின்னுடும்.

ஏட்டு: லிஃப்டா? மந்திரவாதி கோட்டையிலயா?

அப்பா: ஏய்... சும்மா இரேன்.

அம்மா: நான் என்ன பொய்யா சொல்றேன்? இவரு லிஃப்ட் மெக்கானிக்குங்க. சினிமாக் கம்பெனி ஒண்ணுல லிஃப்ட் ரிப்பேர் பாக்கப் போனப்ப, அங்க இருந்தவரு முழுக் கதையையும் இவருகிட்டச் சொல்லிட்டாராம். அப்படித்தானே?

அப்பா: ...ம்.

ஏட்டு: அட! அப்ப உள் விஷயம் தெரிஞ்ச ஆளு. சொல்லுங்க சார், லிஃப்ட் நின்னா என்ன ஆகும்?

அப்பா: அது... எனக்கு மறந்துபோச்சு.

அம்மா: கரண்ட் போயிடும். மந்திரவாதி மந்திரம் மாயமெல்லாம் போட்டுப் பாப்பான், லிஃப்ட் அசையாது. இந்தப் போலீஸ்காரன் மேல மோட்டார் ரூமுக்குப் போயி, பிரேக்கக் கையால தளர்த்தி, மெள்ள மெள்ள இறக்குவான். கதவத் திறந்தா, உள்ள அத்தனை நிழலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும்.

ஏட்டு: பலே! அப்ப இருந்துதான் பாக்கணும்.

அப்பா: நீங்க கிளம்புங்க சார். உங்க லீவு வீணாப் போயிடும்.

ஏட்டு: போனது போச்சு. ஆமா, உங்க வயசுல இந்தப் படத்துக்கு வரணும்னு யாருக்குங்க தோணுச்சு?

அம்மா: எங்க பொண்ணுக்கு. போஸ்டர் ஒட்டினதுலேர்ந்து இதே பேச்சுதான்.

ஏட்டு: பொண்ணு எங்க? வெளிய போயிருக்காளா?

அப்பா: ஊர்ல இல்ல.

அம்மா: ...ஆமா. ஊர்ல இல்ல.

ஏட்டு: நல்லதாப் போச்சு. போன் போட்டுச் சொல்லிடுங்க, வந்து ஏமாற வேண்டாம்னு.

அம்மா: சொல்றோம்.

ஏட்டு: படம் போடுறதுக்குள்ள முறுக்கு வாங்கிட்டு வந்துடுறேன். சீட்டப் பாத்துக்குங்க.

அம்மா: ...ஊர்ல இல்லன்னு சொல்லிட்டீங்க.

அப்பா: வேற என்ன சொல்லச் சொல்ற? நல்ல மனுஷன், லீவுல வந்திருக்காரு. வீட்டுக்குப் போயி நிம்மதியாச் சாப்பிட வேணாமா?

அம்மா: அவருக்காகவா சொன்னீங்க?

அப்பா: விளக்க அணைச்சிட்டான். பேசாமப் பாரு.

*

ஏட்டு: என்ன சார் இது! கண்ணு பூத்துப்போச்சு, லிஃப்ட் வரவே இல்லையே!

அப்பா: படி பாத்து இறங்குங்க. ஈரமா இருக்கு.

ஏட்டு: கோட்டைன்னாங்க, அதுலயும் பாதி இடிஞ்சு கிடக்குது. குதிரை வந்துச்சு, மறுபடி குதிரை, அதுக்கப்புறம் ரெண்டு குதிரை. மந்திரவாதி வெடிச்சுச் செத்தான். விளக்கப் போட்டுட்டான்!

அம்மா: நிழலெல்லாம் என்ன ஆச்சு?

ஏட்டு: அதத்தாம்மா எல்லாரும் கேக்குறாங்க. முன்னாடி வரிசைப் பசங்க கத்தினாங்களே, "நிழலக் குடுடா, டிக்கெட் காசக் குடுடா"ன்னு. எடுத்தவனுக்கே மறந்துபோச்சு போல. அந்தத் தாய் ஒரு தட்டக் குறைச்சு வெச்சாளே, கடைசி வரைக்கும் அவளக் காட்டவே இல்ல.

அம்மா: அந்தப் புள்ளைய யாரும் நினைக்கவே இல்ல...

ஏட்டு: சார், உங்களுக்குச் சொன்னவன் நல்லாக் கதை விட்டிருக்கான். ஆனா ஒண்ணு. அவன் விட்ட கதையவே எடுத்திருந்தா நான் இன்னொரு தடவை வந்து பாத்திருப்பேன். அந்த ஆளப் பாத்தா சொல்லுங்க.

அப்பா: ...சொல்றேன்.

ஏட்டு: வரேம்மா. பொண்ணு ஊர்லேர்ந்து வந்ததும் கேட்டதாச் சொல்லுங்க.

அம்மா: போயிட்டு வாங்க.

அப்பா: ...பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம்.

அம்மா: தெரியும். கொஞ்ச நேரம் இந்தப் படியிலேயே உக்காருவோம். கால் ஓஞ்சு போச்சு.

அப்பா: வீட்டுக்குப் போயி ஓய்வெடு.

அம்மா: வீட்டுக்குப் போனா நீங்க மோட்டுவளையப் பாப்பீங்க, நான் உங்களப் பாப்பேன். இங்கயாவது நாலு பேர் நடமாட்டம் இருக்கு. உக்காருங்க. அவ இதுக்கா அப்படித் தவம் கிடந்தா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துக்கிட்டு, வர்ற நர்ஸுகிட்டல்லாம், "அக்கா, படம் வந்துடுச்சா, வந்துடுச்சா"ன்னு...

அப்பா: விடு.

அம்மா: டாக்டரையே ஒரு நாள், "போலீஸ் படம் வர்ற வரைக்கும் என்னத் தாக்குப்பிடிக்க வெச்சிடுங்க சார்"னு கேட்டா. அவரு முகம் போன போக்கு...

அப்பா: விடுன்னு சொல்றேன் இல்ல!

அம்மா: கத்துங்க. அதுவும் நல்லதுதான். அவ போனதுலேர்ந்து உங்க வாயில அவ பேரே வரல. தட்டு, துணி, செருப்பு, எல்லாத்தையும் எடுத்துப் பரண் மேல போட்டுட்டீங்க. அந்த மந்திரவாதி எதுக்குத் தனியா? நம்ம வீட்டுல...

அப்பா: போதும்!

அம்மா: ...

அப்பா: ...அழாத. எல்லாரும் பாக்குறாங்க.

அம்மா: படம் பாத்துட்டு அழறேன்னு நினைச்சுக்கட்டும். இந்தப் படத்துக்கு அழுத ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

அப்பா: முந்தானையில துடைச்சுக்க. ...நான் ஒண்ணு சொல்லணும்.

அம்மா: சொல்லுங்க.

அப்பா: அந்த... சினிமாக் கம்பெனி லிஃப்ட்.

அம்மா: ம்.

அப்பா: நான் போனது வாஸ்தவம். ஆனா அங்க யாரும் என்கிட்டக் கதை சொல்லல. வாட்ச்மேன்தான் இருந்தான். "சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்பு"ன்னான், அவ்வளவுதான் பேச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. அவகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வரும், பேச வராது. வலிக்குதான்னு கேட்டா அவளுக்குக் கஷ்டம். நல்லாயிடும்னு சொன்னா பொய். வாசல்லயே நின்னேன். அவதான், "இன்னைக்கு எங்கப்பா வேலை?"ன்னா. கம்பெனி பேரச் சொன்னேன். அவ கண்ணு இவ்வளவு பெரிசாச்சு. "கதை கேட்டியாப்பா?"ன்னா. கேட்டேன்னு வாய் தவறி வந்துடுச்சு.

அம்மா: வாய் தவறி வந்ததா நிழலு, லிஃப்ட்டு, மோட்டார் ரூம் எல்லாம்?

அப்பா: நிழல் போஸ்டர்லயே இருந்துச்சு. மிச்சத்துக்கு நான் எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட்தானே... தினமும் வேலை பாக்குறப்பவே யோசிச்சு வெச்சுப்பேன், இன்னைக்கு அவளுக்கு என்ன சொல்றதுன்னு. ஒரு நாள் யோசனையில தப்பான ஒயரத் தொட்டு ஷாக்கடிச்சுது. அதையும் கதையில சேத்தேன்.

அம்மா: மந்திரவாதிக்கு ஷாக்கடிச்சுத் தாடி சிலுத்துக்குமே...

அப்பா: அதுக்கு எப்படிச் சிரிச்சா! நர்ஸ் ஓடி வந்துட்டாங்க.

அம்மா: எனக்கும் ராத்திரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

அப்பா: இன்னைக்கு நீ அந்த ஆளுகிட்ட லிஃப்ட் வரும், லிஃப்ட் வரும்னு சொல்றப்ப எனக்கு உசிரே போச்சு. பொய் சொல்லி நம்ம புள்ளைய ஏமாத்திட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான் இந்தப் படத்துக்கே வரமாட்டேன்னேன்.

அம்மா: அவ்வளவுதானா?

அப்பா: இல்ல.

அம்மா: வேற என்ன?

அப்பா: முடிவ... நான் முடிவச் சொல்லவே இல்ல அவளுக்கு. யோசிச்சு வெச்சிருந்தேன். லிஃப்ட்லேர்ந்து நிழலெல்லாம் வெளிய வரும். போலீஸ்காரன் சண்டை போடமாட்டான். ஒவ்வொரு நிழலாக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு, வீடு வீடாப் போயிக் கதவத் தட்டுவான். "இந்த நிழல் உங்க புள்ளையோடதா பாருங்க"ன்னு கேப்பான். கதவத் திறந்தவங்களுக்கு முதல்ல ஒண்ணும் புரியாது. அப்புறம் நிழல் ஓடிப்போயி, வீட்டு மூலையில நிக்கிற அந்தப் புள்ளைய ஒட்டிக்கும். உடனே அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்து...

அம்மா: சொல்லுங்க.

அப்பா: இதத்தான் சொல்ல வருவேன். கோட்டை வாசல் வரைக்கும் வந்துடுவேன். பாத்தா, அவ தூங்கியிருப்பா. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு போர்வைய இழுத்துவிட்டுட்டு உக்காந்திருப்பேன். மறுநாளும் அதே கதை. நான் முடிவுகிட்ட வந்தா அவளுக்குத் தூக்கம் வந்துடும். அன்னைக்கும் அப்படித்தான்... எழுப்பியாவது சொல்லியிருக்கலாம். தட்டி எழுப்பி, "முடிவக் கேட்டுட்டுப் படும்மா"ன்னு... இந்த ஒண்ணுதான் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. அவ பேர எடுத்தா அது குத்துது. முடிவு தெரியாமலே போயிட்டாளே...

அம்மா: இங்க பாருங்க. என் முகத்தப் பாருங்க.

அப்பா: உனக்கு என் மேல கோவம் வரலையா?

அம்மா: எதுக்குக் கோவம்? மந்திரவாதி கோட்டையில லிஃப்ட்னு நீங்க ஆரம்பிச்ச அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, எல்லாம் உங்க சொந்தச் சரக்குன்னு.

அப்பா: தெரிஞ்சிருந்துச்சா? அப்ப ஏன் தினமும் கதை கேட்டா?

அம்மா: "அப்பாகிட்டச் சொல்லிடாதம்மா"ன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டா, அதான் இத்தனை நாளும் வாயத் திறக்கல. நீங்களாச் சொல்லட்டும்னுதான் ஏட்டுகிட்ட லிஃப்ட் கதைய இழுத்தேன்... அவ ஒரு நாளும் தூங்கலீங்க. நீங்க முடிவுகிட்ட வர்றப்பல்லாம் கண்ண மூடிக்குவா. "ஏண்டி இப்படி நடிக்கிற?"ன்னு கேட்டதுக்கு, "கதை முடிஞ்சிட்டா, நாளைக்கு எதைச் சொல்லிக்கிட்டு அப்பா என் பக்கத்துல உக்காருவாரு? பாவம், மறுபடியும் வாசல்லயே நின்னுடுவாரும்மா"ன்னா.