சீட்டு வைத்த பக்கம்

இந்த மேஜை ஆடுகிறது. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறதே, உங்களுக்குத் தொந்தரவாக இல்லையா? ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கடியில் கொடுத்தால் நின்றுவிடும். என் கைப்பையில் எப்போதும் துண்டுச் சீட்டுகள் இருக்கும். பையை உங்கள் ஆட்கள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இல்லையென்றால் நானே சரிசெய்து கொடுத்திருப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். நடுவில் புரட்டிப் படிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் பள்ளி நூலகர். பிள்ளைகளுக்கு லைப்ரரி மிஸ். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அது வகுப்பு அலமாரியிலிருந்து இறங்கி என் மேஜைக்கு வந்துவிடும். பிறகு ஐந்து பேர் நூலகத்தில் கூடி, அது வகுப்பில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். தலைமை ஆசிரியை, இரண்டு ஆசிரியர்கள், பெற்றோர் சார்பில் ஒருவர், நான். ஐந்து பேரும் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது விதி. ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் இருக்கிறாரே, பிஸ்கட் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பிரச்சினையான பக்கத்தில் நான் ஒரு சீட்டு வைத்துக் கொடுப்பேன். அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், டீ குடிப்பார்கள், கை தூக்குவார்கள்.

செத்துப்போன தாத்தாவைப் பேத்தி தொட்டுப் பார்க்கிற கதை ஒன்று வந்தது. வெளுத்துப்போன கால்களை வரைந்திருந்த பக்கத்தில் நான் சீட்டு வைத்திருந்தால் அன்றைக்கே அது பரணுக்குப் போயிருக்கும். அவருடைய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் தோட்டத்தில் நடக்கிற பக்கத்தில் வைத்தேன். தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றும் மூன்றாம் வகுப்பில் அது இருக்கிறது. பாவாடை கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பையன் கதை ஒன்று பரணில் இருக்கிறது. அதில் தப்பாக ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் கர்வப்பட ஒன்றும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் என் அறையில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். வீட்டில் நான் ஒருத்தி. அக்கா எப்போதாவது போன் செய்வாள். அவளே கேட்டு, அவளே பதில் சொல்லி, "சரி, நீ உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவாள். ஞாயிறு முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திங்கள் காலையில் பேசினால் தொண்டை கரகரக்கும். மிஸ்ஸுக்குச் சளி என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்ளும். சளி இல்லை. நான் திருத்தியதில்லை.

அப்போதுதான் ஸ்வெட்டர் வந்தாள். அவளுடைய பெயர் உங்கள் தாள்களில் இருக்கிறது. பள்ளியில் எல்லாரும் அவளை ஸ்வெட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாம் வகுப்பு. எந்த வெயிலிலும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு முழுக்கை ஸ்வெட்டர். அதன் ஓரத்திலிருந்து இழையை உருவிக்கொண்டே இருப்பாள். பள்ளி விட்டதும் மற்றதுகள் அரக்கப்பரக்க வாசலுக்கு ஓடும். அவள் என்னிடம் வருவாள். ஜன்னலோரத்துக் குட்டி நாற்காலி அவளுடையது. நான் அட்டை போடுவேன், அவள் படிப்பாள். சில நாள் பேசவே மாட்டோம். பேசாமல் இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போகும்போது, "மிஸ், நாளைக்கும் வரலாமா?" என்பாள். என்னை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

கையைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். ஒருநாள் புத்தகத்தை எட்டி எடுக்கும்போது ஸ்வெட்டர் மேலே ஏறியது. வரிவரியாக இருந்தது. இழுப்பறையிலிருந்து களிம்பை எடுத்துத் தடவிவிட்டேன். எப்படி ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவளாகவே வந்து கையை நீட்டுவாள். நான் தடவிவிடுவேன். யார் செய்தது என்று எனக்குத் தெரியும். பெற்றோர் சார்பில் குழுவில் இருந்தவர்தான் அவள் அப்பா. மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். சிரித்த முகம். நூலகத்து ஃபேன் சத்தம் போட்டபோது யாரும் கூப்பிடாமலே வந்து, ஏணி போட்டு ஏறிச் சரிசெய்து கொடுத்தார். அவரைப் பற்றி ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார்கள். நானும் சொன்னதில்லை.

இனி அந்தப் புத்தகம். நாலாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் புதிதாக வந்தாள், சின்னப் பெண். வகுப்பு அலமாரிக்கு அவள்தான் அதைக் கொண்டுவந்தாள். அப்பாவிடம் அடிவாங்குகிற ஒரு பெண்பிள்ளையின் கதை. வெளியே எல்லாரும் அந்த அப்பாவைப் புகழ்வார்கள். நடுவில் அவர் பெல்ட்டை ஓங்குகிற படம் ஒன்று, பக்கம் முழுக்கச் சிவப்பு. கடைசியில் அந்தப் பிள்ளை தன் டீச்சரிடம் சொல்கிறாள். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்கிறாள். கடைசிப் பக்கத்தில் பிள்ளை பெரியம்மா வீட்டில், வேறு ஊரில், கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறாள். நல்ல புத்தகம். என் வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இதைவிட நல்ல புத்தகம் பார்த்ததில்லை.

ஸ்வெட்டர் அதை வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரத்தில் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒருநாள் கேட்டாள்.

"மிஸ், இந்தக் கதைல வர்ற டீச்சர் மாதிரி நிஜமாவே இருப்பாங்களா?"

"கதை வேற, நிஜம் வேற கண்ணு."

"நம்ம டீச்சர் இத வெள்ளிக்கிழம சத்தமா வாசிக்கப் போறாங்க. முடிஞ்சதும் யாருக்காவது ஏதாவது சொல்லணுமான்னு கேப்பாங்களாம். நான் கை தூக்கப் போறேன் மிஸ்."

இழையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். அவளுக்கும் ஒரு பெரியம்மா உண்டு, வேறு ஊரில். முன்பே சொல்லியிருக்கிறாள். அவள் கை தூக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குக் கடைசிப் பக்கம் வரை தெரிந்தது. பிறகு அந்தக் குட்டி நாற்காலி சும்மா கிடக்கும்.

மறுநாள் அந்தப் புத்தகத்தைக் குழுவுக்கு எடுத்தேன். முகம் சுளித்தது நான்தான். பெற்றவர்களுக்கு எதிராகப் பிள்ளைகளைத் திருப்பிவிடும் என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவருக்கு அது போதும். வெள்ளிக்கு முந்தின நாளே கூட்டம் வைத்துவிட்டார்.

சிவப்புப் பக்கத்தில் சீட்டு வைத்தேன். புத்தகம் கைமாறி வந்தது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பிஸ்கட்டையே கீழே வைத்துவிட்டார். புத்தகம் கொண்டுவந்தவள் என்பதால் சின்ன டீச்சரையும் கூப்பிட்டிருந்தோம், ஓட்டு கிடையாது. அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"மேடம், முழுசா ஒரு தடவ வாசிச்சிடுங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பக்கம் மட்டும் கதை இல்ல."

"அதுக்கெல்லாம் நேரம் எங்கம்மா இருக்கு? பாத்தாலே பதறுதே. பிள்ளைங்க பயந்துடாதா?" என்றார் தலைமை ஆசிரியை.

"பயப்படுற பிள்ளைங்களுக்காகத்தான் மேடம் இது."

புத்தகம் ஸ்வெட்டரின் அப்பாவிடம் போயிற்று. "படம் நல்லா வரஞ்சிருக்காங்க" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார். இத்தனை வருடத்தில் நான் வைத்த சீட்டைத் தாண்டிப் படித்த மனிதர் அவர் ஒருவர்தான். கதவு சாத்தியிருக்கும் பக்கத்தில், அந்த டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், ஒரு கம்பளி இழை இருந்தது. மயில்கழுத்து நிறம். அதை எடுத்து விரலில் சுற்றினார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து கை தூக்கினார். புத்தகம் வேண்டாம் என்று முடிவாயிற்று. சின்ன டீச்சர் அழுதுகொண்டே போனாள்.

அந்த இழையை எடுக்க மறந்துவிட்டேன் என்று உங்களுக்கு முன்னால் விசாரிக்க வந்தவரிடம் சொன்னேன். மறக்கவில்லை. படிக்கிறவர்கள் வைத்த அடையாளத்தை எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் மரியாதை. அதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் களிம்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், என் இழுப்பறையில் இருந்தது புதுசு, பிரிக்காதது. கூட்டத்தன்று காலையில் நான்தான் வாங்கி வைத்தேன். புத்தகத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. சின்ன டீச்சர் விட மாட்டாள், ஸ்வெட்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தால் கொஞ்சம் கண்டிப்பார், பிறகு இவள் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். வழக்கம்போல என்னிடம் வருவாள், நான் தடவிவிடுவேன் என்று நினைத்தேன். அதனால் இழையை அங்கேயே விட்டேன். நன்றாகத் தெரியட்டும் என்று நுனியைக் கொஞ்சம் வெளியே இழுத்தும் வைத்தேன்.

கூட்டம் முடிகிற வரைக்கும் அவள் நூலக வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். அப்பா வெளியே வந்து, "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கும் வரலாமா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றையும் மறைக்கவில்லை. மறுநாள் மாலை நாற்காலியைத் துடைத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமைதான் தலைமை ஆசிரியை வந்து ஆஸ்பத்திரி என்று சொன்னார். மாடிப்படியில் விழுந்தாளாம். அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

பார்க்கப் போனேன். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அந்தச் சின்ன டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன உரிமை என்று எனக்குப் புரியவில்லை. எத்தனை மாதமாகக் களிம்பு போட்டது நான்.

இனி ஒரு காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப் போவதாகவும் பேசிக்கொள்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பார்கள். புது ஊர், புதுப் பள்ளி, வகுப்பு நிறையப் பிள்ளைகள் கத்தும். ஒரு காதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? என்னிடம் வந்தால் அந்தக் கவலை இல்லை. என் நூலகத்தில் யாரையும் நான் சத்தமாகப் பேச விட்டதில்லை.