ஒளிச்சு வச்ச ரெண்டு காலு

...அதான் சொல்றேன் அண்ணே, உங்க கம்பெனி சாப்ட்வேர் சரியில்ல. பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து கிள்ளானுக்கு இந்த ஜாம்ல வந்திருக்கீங்க, பாவம்லா, ஆனா உண்மைய சொல்லித்தானே ஆகணும். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஆடும்.

வீட்டு அலாரம் போர்டு. உங்க சாப்ட்வேர்ல ட்ராயிங் நான்தான் போட்டேன். கரண்டு குடுத்தவொடனே ஐசி சிப்பு சுட்டு, குப்புனு பொகை. ஒண்ணு ரெண்டு இல்ல, செஞ்சு வச்ச அத்தனையும். சாத்தப்பன் சாரு, எங்க முதலாளி, என்ன சொல்லிட்டாரு தெரியுமா? யாரு தப்புன்னு இன்னிக்கே தெரியணுமாம். என் தப்புன்னா கம்ப்யூட்டர விட்டு எந்திரிச்சு சால்டரிங் லைனுக்குப் போகணுமாம். அந்த ஈயப் பொகையில நாளெல்லாம் உக்கார என்னால முடியாது அண்ணே. நெசமாவே பயமா இருக்கு.

மொதல்ல நாகையா மேலதான் பழியப் போட்டேன். சால்டரிங் பண்றவரு, அந்தா இருக்காரு பாருங்க. அதுலேர்ந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. காலையில பசியாற எல்லாருக்கும் நாசி லெமாக் வாங்கிட்டு வர்றாரு, எனக்கு மட்டும் இல்ல. இருக்கட்டும். அப்புறந்தான் யோசிச்சேன்... இது சாப்ட்வேர் வேலைன்னு.

ஐசிக்கு கரண்டு வர்ற காலு, கிரவுண்டு காலு, இந்த ரெண்டையும் படத்துல காட்டாம ஒளிச்சு வைக்கலாம், சாப்ட்வேரே தானா கோத்துடும்னு உங்க ஆளுதானே சொல்லிக் குடுத்தாரு? சாருக்கும் அதான் புடிச்சிச்சு. கோடு கொறஞ்சா படம் சுத்தமா இருக்காம். எல்லாத்தையும் ஒளிச்சேன். உள்ளுக்குள்ள அது எத எதோட கோத்திச்சோ, யாரு கண்டா?

நம்பலையா? இருங்க, தொறந்து காட்றேன். இந்தா, பதினாறு காலு ஐசி. இதுக்கு உங்க சாப்ட்வேர்ல படமே இல்ல, நானே செஞ்சேன். பதினாலு காலு ஐசி படத்த காப்பி பண்ணி, ரெண்டு காலு சேத்து, பேர மாத்தி... சுலபம்லா. இப்ப ஒளிஞ்சத காட்டுன்னு அமுக்குறேன், நல்லா பாருங்க. கரண்டு பதினாறாம் காலுக்கு வரணும். வந்திருக்கிறது...

பதினாலுக்கு.

ம்ம். காப்பி பண்ண பழைய படத்தோட காலு. மாத்தாமலே விட்டிருக்கேன்.

அண்ணே, நீங்க பாக்கலல்ல? இருங்க, மறுபடி ஒளிச்சிர்றேன். இப்ப பாருங்க, எவ்ளோ சுத்தமா இருக்கு. கோப்பி குடிக்கிறீங்களா? நானே வாங்கித் தர்றேன். சார்கிட்ட மட்டும், சாப்ட்வேர்ல ஏதோ சின்ன கோளாறு, சரி பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த... அண்ணே?

எங்க போனாரு? பை இங்கதான இருக்கு.

நாகையாண்ணே, அந்த சாப்ட்வேர்காரர பாத்தீங்களா? சார் ரூம்லயா? சரி, அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?

உங்க பக்கத்துல காலியா கெடக்கிற ஸ்டூல எதுக்கு இப்ப தொடைக்கிறீங்க?