உப்பில் புதைத்த லேபிள்

“உங்க இங்க்ல அடிச்ச லேபிளை எட்டு நாள் ஈர உப்புல புதைச்சு வெச்சிருந்தேன்.”

மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். அவர் அச்சகம் நடத்துபவர். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் அச்சு மை விற்பவர்.

“உப்புல எதுக்கு மேடம்?”

“நாங்க அடிக்கிறது உப்பு மூட்டைக்குத்தானே. பழைய கம்பெனி இங்க் ஈரத்துல ஊறி, மூட்டையெல்லாம் நீலமாயிடுச்சு. உப்பளத்துக்காரங்க மொத்த லேபிளையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“நம்ம இங்க் கையிலகூட ஒட்டாதுங்க. லேப் சர்டிபிகேட்டே இருக்குது.”

“உங்க லேப்ல உப்புக்காத்து அடிக்குதா?”

அம்மாள் தன் பையிலிருந்து அந்த லேபிளை எடுத்தார். ஓரத்தில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது.

“கையை நீட்டுங்க. உங்க சட்டைக் கையில தேய்ச்சுப் பாத்துடலாம்.”

மைக்காரர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, இந்தச் சட்டையோடதான் இன்னொரு பார்ட்டியைப் பாக்கணும் மேடம்.”

“நேத்து வந்த வேற இங்க் கம்பெனிக்காரரும் வெள்ளைச் சட்டைதான். அவங்க இங்க்ல அடிச்சு நான் புதைச்ச லேபிளை வாங்கி, அவரே சட்டையில தேய்ச்சுக்கிட்டாரு. ஆர்டர் அவருக்குத்தான்னு உங்க ஆபீஸ்ல சொல்லிடுங்க.”