தூத்துக்குடி ரோசாவின் பக்கம்

1957 மார்ச்சில் கொழும்பில், ரொய்டன் கோல்மெயரின் ஆஸ்திரேலியக் குடியேற்ற விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒல்லாந்த வம்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பது காரணம்.

எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அப்படியிருந்தும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளோடு உட்காருவேன். அந்தப் பழைய ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள், ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் பறங்கியரில் குறைவு. நான் தேடியெடுப்பதை, எங்கள் சங்கத்துச் செயலாளர் மூலத்தில் பார்த்து முத்திரை வைப்பார். முத்திரை இருந்தால்தான் கப்பல்.

ரொய்டன் என் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இல்லை. ஒரே மகள் மெர்லின், கணவனின் வம்சச் சான்றில் பெர்த்துக்குப் போய்விட்டாள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பார்:

"என்ன எர்வின், என்ர கிழவன் அகப்பட்டானோ? இல்லாட்டி இன்னும் ஒளிச்சு விளையாடுறானோ?"

"பொறும் ஐசே. இருநூறு வருசம் கிடந்த ஆள், எங்க ஓடப்போறான்?"

அகப்பட்டான். ஒல்லாந்தின் ஹோர்ன் நகரத்துப் பீப்பாய் செய்பவனின் மகன், தெளிவான மையில். தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தில் என் பாட்டனாரின் பாட்டனுக்கு ஞானஸ்நானம். தாய்: தூத்துக்குடி ரோசா. ஒரு பெண்ணின் தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் வந்தால் அவள் அடிமையாக இருந்தவள். பதிவேடு வாசிக்கும் எவருக்கும் அது தெரியும். மூலத்தை யாரும் கேட்காத காலத்தில் என் அப்பா வரைந்த வம்சாவளியில் அவள் ரோசா டி வோஸ் என்ற ஒல்லாந்தப் பெண்.

செயலாளர் தாளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமுள்ளவர். அந்தத் தாளைச் சவர அலகால் வெட்டியெடுத்தேன். சத்தமே வரவில்லை.

பூச்சி அரித்துவிட்டது என்று ரொய்டனிடம் சொன்னேன்.

"அப்ப நீ ஒரு வரி எழுதித் தாவன், மச்சான். உன்ர சொல்லை ஆர் தட்டப்போறான்?"

ஆதாரமில்லாமல் நான் கையெழுத்து வைப்பதில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என் நேர்மையைப் பற்றித் தேவாலயத்தில் எல்லாரிடமும் புகழ்ந்து பேசினார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குச் சிரமமாக இருந்தது.

அடுத்த மழையில் காய்ச்சல் கண்டு தனியே கிடந்து இறந்தார். பால்காரன்தான் பார்த்தான். கட்டிலடியில் பெட்டி கட்டியபடியே இருந்தது.

தாளை நான் எரிக்கவில்லை. தேவாலயத்தின் பதிவை எரிப்பது பாவம் என்று நம்புகிறவன் நான்.

அப்பா வரைந்த வம்சாவளியை வைத்து எனக்கும் மனைவிக்கும் அனுமதி கிடைத்தது. பெர்த்தில் கப்பல் இறங்கியபோது மெர்லின் லவ் கேக்கோடு துறைமுகத்துக்கு வந்திருந்தாள்.

"அப்பாவுக்காக எவ்வளவு தேடினீங்கள், அங்கிள்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு கிடைக்கும்வரை அவளுடனேயே தங்கினோம், ரொய்டனுக்கென்று ஒதுக்கியிருந்த அறையில்.